சின்சேயா, சித்த வைத்தியரா, நாட்டு மருந்துக் கடையா? சிங்கப்பூர்ல யாருக்கு என்ன அதிகாரம்

அம்மாவுக்கு முட்டி வலி, தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் நல்ல வைத்தியர் யாராச்சும் இருக்காங்களான்னு கேக்காத குடும்பமே நம்மள்ல இல்ல. மருந்து நல்லதா கெட்டதான்னு பேசுறோமே தவிர, கொடுக்குறவருக்கு இங்க சட்டப்படி என்ன பேரு, எது வரைக்கும் அவர் வைத்தியம் பாக்கலாம்னு யாரும் கேக்குறதில்ல. ஏதாச்சும் தப்பாப் போச்சுன்னா எங்க போய் முறையிடுறதுங்கறது அதுலதான் இருக்கு.

முதல்ல சின்சே, அதாவது சீன வைத்தியர். சீன மருத்துவத்துக்கு இங்க 2000லயே தனிச் சட்டம் வந்துருச்சு, பதிவு பண்ண தனி வாரியம் இருக்கு. டிசிஎம் (பாரம்பரிய சீன மருத்துவம்) ஃபிசிஷியன்னு ஒருத்தர் போர்டு மாட்டணும்னா அங்க பதிவாகி, செல்லுபடியாகுற பிராக்டிஸ் சர்டிஃபிகேட் வச்சிருக்கணும். வாரியத்தோட வெப்சைட்ல பேரத் தட்டினா ஆள் இருக்காரா இல்லையான்னு தெரிஞ்சுரும், அங்கயே புகாரும் கொடுக்கலாம். அக்குபஞ்சரிஸ்டா மட்டும் பதிவானவர் ஊசி குத்தலாம், மூலிகை எழுதித் தரக்கூடாது. சின்சே யாரா இருந்தாலும் ஆங்கில மருந்து எழுத முடியாது. அவர் தர்ற எம்சிய (மருத்துவ விடுப்புச் சீட்ட) வச்சு சம்பளத்தோட லீவ் சட்டப்படி கேக்கவும் முடியாது, முதலாளி மனசு வச்சாத்தான்.

இப்ப நம்ம சித்த, ஆயுர்வேத வைத்தியர்ங்க. இங்கதான் எனக்கு வருத்தமே. பாளையங்கோட்டையில பிஎஸ்எம்எஸ்ங்கற சித்த மருத்துவப் பட்டம் படிக்கிறவங்க இன்டர்ன்ஷிப்பும் சேத்து அஞ்சரை வருஷம் படிக்கிறாங்க, இந்தியாவுல அவங்க பதிவு பெற்ற டாக்டர். சாங்கி ஏர்போர்ட்ல வந்து இறங்கினா அந்தப் பதிவுக்கு இங்க சட்டத்துல இடமே கிடையாது, சித்தாவுக்கும் ஆயுர்வேதத்துக்கும் மலாய் மருத்துவத்துக்கும் சீன மருத்துவத்துக்கு இருக்குற மாதிரி ஒரு வாரியம் இல்ல. அதனால அஞ்சரை வருஷம் படிச்சவரும், நாலு வீடியோ பாத்துட்டு வந்தவரும் ஒரே மாதிரி வைத்தியர்னு சொல்லிக்கலாம், நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது. பாலம் தாண்டுனா மலேசியாவுல 2016லயே சட்டம் போட்டு பாரம்பரிய இந்திய மருத்துவத்தையும் அதுக்குள்ள கொண்டுவந்துட்டாங்க. இங்கயும் அது வரணும், நம்ம வைத்தியம் மட்டமானதுன்னு இல்ல, படிச்சவர் யாருன்னு மக்களுக்குத் தெரியணுமேன்னு சொல்றேன்.

மூணாவது நாட்டு மருந்துக் கடை. சுக்கு, திப்பிலி, அதிமதுரம், நெல்லி வத்தல்னு டப்பா டப்பாவா அடுக்கி வச்சிருப்பாங்க, "சளியாக்கா, வறட்டு இருமலா?"ன்னு கேட்டுட்டே அண்ணன் பொட்டலம் கட்டிடுவார். ரசத்துக்கும் கஷாயத்துக்கும் எனக்கு அந்தக் கடைதான். ஆனா அவர் வேல விக்கிறது, உடம்பப் பாத்து மருந்து சொல்றது இல்ல. பாக்கெட்ல வர்ற இந்திய மருந்துங்களுக்கு விக்கிறதுக்கு முன்னாடி சுகாதார அறிவியல் ஆணையத்துக்கிட்ட லைசென்ஸ் வாங்கணும்னு கட்டாயம் கிடையாது, ஆங்கில மருந்து கலக்கக்கூடாது, உலோக அளவு மீறக்கூடாதுங்கற மாதிரி விதிங்க இருக்கு. பாதரசம்னா பத்து லட்சத்துல 0.5 பங்குக்கு மேல கூடாது. இந்த அளவ வச்சுப் பாத்தா, ஊர்ல இருந்து யாரோ கொண்டுவந்த பாதரசம் சேர்ந்த செந்தூரம், மெழுகு மாதிரி சித்த மருந்தெல்லாம் லேபிள் இல்லாம இருந்தா நான் தொடவே மாட்டேன்.

அப்ப எங்க போறது? நாள்பட்ட வலின்னா, வேற மாத்திரை எதுவும் எடுக்கலன்னா, பதிவான சின்சேய முதல்ல பாக்கலாம். சித்த மருத்துவம்தான் வேணும்னா பட்டம் எது, எந்தக் காலேஜ், இந்தியாவுல பதிவு நம்பர் என்னன்னு நேராக் கேளுங்க, நல்ல வைத்தியர் கோவப்பட மாட்டார், சர்டிஃபிகேட்ட எடுத்துக் காட்டுவார். பாலிகிளினிக்ல (அரசாங்க கிளினிக்ல) கொடுத்த மாத்திரைய நிறுத்துங்கன்னு எவர் சொன்னாலும் அங்கயே எழுந்து வந்துருங்க.

ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்குறவங்களுக்கு சீன மருந்துல வர்ற டாங் குவாய்ங்கற வேரே ரத்தப்போக்க அதிகமாக்கலாம், சுகர் மாத்திரையோட பாகற்காய்ப் பொடி சேந்தா சுகர் ரொம்ப இறங்கிரலாம். அதனால வைத்தியர் யாரா இருந்தாலும் கொடுத்த மருந்தோட பேர எழுதி வாங்குங்க, அடுத்த தடவ பாலிகிளினிக் போறப்ப அந்தச் சீட்ட டாக்டர்கிட்டக் காட்டுங்க. பேர எழுதித் தர மாட்டேன்னு சொல்றவர்கிட்ட மருந்தே வாங்காதீங்க.