மின் நிறுவனத்தை மாற்ற: அரசுத் தளமா, கமிஷன் தளமா?

ஆஸ்திரேலியாவில் மின்சார பில் எகிறிவிட்டது என்று யாரிடம் புலம்பினாலும், "ஒப்பீட்டுத் தளத்தில் போட்டுப் பாருங்கள்" என்பார்கள். எந்தத் தளத்தில் என்று சொல்பவர்கள் குறைவு.

அரசு நடத்தும் தளங்கள் இரண்டு. விக்டோரியாவுக்கு 'விக்டோரியன் எனர்ஜி கம்பேர்'. நியூ சவுத் வேல்ஸ், தென்கிழக்கு குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா, கான்பெரா ஆகியவற்றுக்கு எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் 'எனர்ஜி மேட் ஈஸி'. எதிரணியில் ஐசெலக்ட், கம்பேர் த மார்க்கெட் போன்ற தனியார் தளங்கள். அவர்களும் நம்மிடம் காசு கேட்பதில்லை. நாம் மாறினால் புதிய மின் நிறுவனம் அவர்களுக்குக் கமிஷன் கொடுக்கும்.

வித்தியாசம் முழுவதும் அந்தக் கமிஷனில் இருக்கிறது. ஒப்பந்தம் போட்ட நிறுவனங்களின் திட்டங்களைத்தான் தனியார் தளம் முன்னால் வைக்கும். மலிவான திட்டம் ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்தால் அது நம் கண்ணிலேயே படாது. 2020 அக்டோபரில் ஃபெடரல் நீதிமன்றம் ஐசெலக்டுக்கு 85 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. தன்னோடு கைகோத்த நிறுவனங்களின் எல்லாத் திட்டங்களையும் ஒப்பிட்டு, மிகப் பொருத்தமானதைப் பரிந்துரைப்பதாகச் சொன்னது பொய் என்பது வழக்கு. 2016 நவம்பர் முதல் 2018 டிசம்பர் வரை அங்கே ஒப்பிட்டவர்களில் சுமார் 38 விழுக்காட்டினருக்கு வேறிடத்தில் இன்னும் மலிவான திட்டம் கிடைத்திருக்கக்கூடும் என்றது வழக்குத் தொடுத்த நுகர்வோர் ஆணையம். பழைய வழக்குதான். ஆனாலும் எந்தத் தனியார் தளமானாலும், எத்தனை நிறுவனங்களை ஒப்பிடுகிறார்கள் என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் அஞ்சல் குறியீட்டைத் தட்டாதீர்கள்.

அரசுத் தளத்தில் கவர்ச்சி கிடையாது. பத்துப் பன்னிரண்டு கேள்விகள், பிறகு நீண்ட பட்டியல். ஆனால் பொதுமக்களுக்கு விற்கும் திட்டங்களை நிறுவனங்கள் அங்கே பதிந்தே ஆக வேண்டும். வரிசையைக் கமிஷன் தீர்மானிப்பதில்லை. தொலைபேசி எண்ணைக் கேட்டு, மறுநாள் முதல் அழைத்துத் தொல்லை செய்பவர்களும் இல்லை. விக்டோரியாவில் 2022, 2023-இல் இந்தத் தளத்துக்கு வந்து திட்டங்களைப் பார்த்த குடும்பத்துக்கு அரசு 250 டாலர் கொடுத்தது. காசு கொடுத்தால்தான் மக்கள் அரசுத் தளத்தை எட்டிப் பார்ப்பார்கள் என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது!

எந்தத் தளமானாலும் பழைய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அதிலுள்ள என்.எம்.ஐ. எண்ணும் (உங்கள் மின் இணைப்பின் அடையாள எண்) யூனிட் கணக்கும் இல்லாமல் வரும் விடை வெறும் ஊகம். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். முதல் திட்டத்தில் நாள் கட்டணம் (மின்சாரத்தைத் தொடாவிட்டாலும் தினமும் விழுவது) 95 சென்ட், யூனிட்டுக்கு 30 சென்ட். இரண்டாவதில் நாள் கட்டணம் 1.20 டாலர், யூனிட்டுக்கு 28 சென்ட். ஆண்டுக்கு 3,000 யூனிட் செலவழிக்கும் தம்பதிக்கு முதலாவது சுமார் 31 டாலர் லாபம். 6,000 யூனிட் இழுக்கும் பெரிய குடும்பத்துக்கு இரண்டாவது சுமார் 29 டாலர் லாபம். ஒரே தெருவில் பக்கத்து வீட்டாருக்குச் சரியான திட்டம் உங்களுக்குத் தவறாகப் போவது இப்படித்தான். "அடிப்படை விலையைவிட 15 விழுக்காடு குறைவு" என்ற விளம்பரமும் (ஒழுங்குமுறை ஆணையம் அளவுகோலாக நிர்ணயிக்கும் விலை அது) அந்த ஆணையம் வகுத்த ஒரு மாதிரிக் குடும்பத்தின் பயன்பாட்டை வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் வீட்டுக்கு அது பொருந்த வேண்டும் என்பதில்லை.

சோலார் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு எச்சரிக்கை. கூரையிலிருந்து அனுப்பும் மின்சாரத்துக்கு நல்ல விலை என்று கூப்பிடும் திட்டம், நாள் கட்டணத்தில் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளலாம்.

தனியார் தளத்தால் பயனே இல்லையா? உண்டு. வீடு மாறும் அவசரத்தில் மின்சாரம், எரிவாயு, இணையம் மூன்றையும் ஒரே தொலைபேசி அழைப்பில் முடித்துக் கொடுப்பார்கள். அரசுத் தளம் பெரும்பாலும் பட்டியலைக் காட்டுவதோடு ஒதுங்கிவிடும். அப்போது விண்ணப்பத்தை நீங்கள்தான் அந்த நிறுவனத்தில் நிரப்ப வேண்டும். இணையத்தில் தடுமாறும் முதியவருக்கு மறுமுனையில் ஒரு குரல் கிடைப்பது பெரிய உதவிதான். அதற்கு விலை உண்டு என்று தெரிந்து வாங்கினால் சரி.

என் ஓட்டு அரசுத் தளத்துக்கு. ஆனால் அதற்கும் முன்னால் பில்லின் முதல் பக்கத்தைப் பாருங்கள். இதே நிறுவனத்திடம் இதைவிட மலிவான திட்டம் உண்டா என்று குறிப்பிட்ட கால இடைவெளியில் பில்லிலேயே அச்சிட வேண்டும் என்பது விதி. விக்டோரியாவில் 2019 முதல், மேலே சொன்ன மற்ற இடங்களில் 2023 முதல். அந்த வரியைப் படித்து அழைத்தாலே சிலருக்கு வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால், அரசுத் தளத்தில் கிடைத்த மிகக் குறைந்த ஆண்டுத் தொகையைச் சொல்லி, "இதற்கு இறங்குவீர்களா?" என்று கேளுங்கள். இறங்காவிட்டால் மாறிவிடுங்கள். கம்பமும் கம்பியும் அதே விநியோக நிறுவனத்துடையவை என்பதால் மாறும்போது விளக்கு அணையாது. மனம் மாறினால் ரத்து செய்யப் பத்து வேலை நாள் அவகாசமும் உண்டு.

பெர்த் நகரத்தார் இதுவரை படித்திருந்தால் மன்னிக்கவும். அங்கே வீடுகளுக்கு மின்சாரம் விற்பது சினர்ஜி என்ற அரசு நிறுவனம் மட்டுமே. எரிவாயுவுக்குத்தான் ஆளை மாற்றலாம்.