சயாமிஸ் கேட்டால் சைனீஸைத் தலையில் கட்டுகிறார்கள்: பாசி தின்னும் மீன் வாங்குபவர்கள் கவனத்துக்கு

தொட்டியில் பாசி பிடித்துவிட்டது, அதைத் தின்கிற மீன் ஒன்று வாங்கிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என் ஏஞ்சல் மீன் ஒன்று செத்தது, 'ரொம்ப சாது சார்' என்று உத்தரவாதம் கொடுத்து எனக்கு விற்கப்பட்ட மீனால்.

நான் கேட்டது சயாமிஸ் ஆல்ஜி ஈட்டர். ஏஞ்சல், டெட்ரா எல்லாம் சேர்ந்திருக்கும் தொட்டி என்பதையும் சொல்லித்தான் கேட்டேன். செடிகளின் இலை ஓரங்களில் தாடிப் பாசி கறுப்பாக மண்டியிருந்தது. பெரும்பாலான மீன்கள் அதை முகர்ந்துகூடப் பார்க்காது. சயாமிஸ் தின்னும். கடைக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல் 'இருக்கு சார்' என்று வலையை எடுத்தார். அந்தத் தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் 'ஆல்ஜி ஈட்டர்' என்று மட்டும் எழுதியிருந்தது. இது சயாமிஸ்தானா என்று திரும்பக் கேட்டதற்கு, 'சயாமிஸேதான் சார், நான் பதினஞ்சு வருஷமா இதே தொழில்ல இருக்கேன்' என்றார்.

கொடுத்தது சைனீஸ் ஆல்ஜி ஈட்டர். பெயரில்தான் சீனா. மீன் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா பக்கத்து ஆறுகளைச் சேர்ந்தது. அங்கே இது ஓர் அடி நெருங்க வளரும். தொட்டியிலும் அரை அடியைச் சுலபமாகத் தாண்டிவிடும். குட்டியாக இருக்கும்போது மட்டும் பாசியை நன்றாகத் தின்னும், அதனால்தான் விற்பனை ஜோராக நடக்கிறது. என் தொட்டியிலும் ஆரம்பத்தில் கண்ணாடியெல்லாம் பளிச்சென்று ஆனது. வளர வளர அதற்குப் பாசியில் நாட்டம் குறைந்தது. தீனி போட்டால் முதல் ஆளாக மேலே வந்தது. மற்ற மீன்களை மூலைக்கு மூலை விரட்டியது.

அப்புறம் ஏஞ்சலின் பக்கவாட்டில் வட்டமாக வெளுத்த திட்டுகள். முதலில் பூஞ்சை என்று நினைத்து மருந்து போட்டேன், கேட்கவில்லை. ஒருநாள் விளக்கை அணைத்து வெகுநேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால், சைனீஸ் தன் உறிஞ்சுவாயை ஏஞ்சலின் விலாவில் பதித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏஞ்சல் உதறுகிறது, அது விடவில்லை. செவுள் மூடி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஓடுகிற ஆற்றில் பாறையைப் பற்றிக்கொண்டு வாழ்கிற இனம் இது. வாயை எடுக்காமலே மூச்சுவிட வசதியாகச் செவுளின் மேற்புறம் தனியாக ஒரு துளை உண்டு, அதன் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மீன்களின் உடம்பைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான சளிப் படலம் இதற்குப் பிடித்துப்போய்விடுகிறது. ஏஞ்சல், டிஸ்கஸ், கௌராமி மாதிரி தட்டையான, மெதுவாக நீந்துகிற மீன்கள் வசமாக மாட்டும். கோல்டு ஃபிஷ்ஷும் தப்பாது. படலம் போன இடத்தில் கிருமி ஏறும். என் ஏஞ்சல் அப்படித்தான் போனது.

வீடியோவைக் கடையில் காட்டினேன். 'விளையாடுது சார்' என்றார். கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டு, பதிலுக்கு ஒரு பிளெகோ (உறிஞ்சுவாயால் ஒட்டிக்கொண்டு பாசி மேயும் கெளுத்தி வகை, சக்கர் மீன் என்றும் சொல்வார்கள்) தருவதாகச் சொன்னார். 'இது நாலு இஞ்சுக்கு மேல போகாது, பிரிஸ்டில்நோஸ்' என்றார். முதுகுத் துடுப்பைப் பார்த்தேன். உயரமாக, அகலமாக, பத்துக்கு மேல் கதிர்களோடு விரிந்திருந்தது. பிரிஸ்டில்நோஸ் என்ற சிறிய பிளெகோ இனத்துக்கு அந்தத் துடுப்பு சிறியது, கதிர்கள் ஏழெட்டுதான் இருக்கும். அவர் கையிலிருந்தது ஓர் அடியைத் தாண்டி வளரும் சாதாரண சக்கர் மீன். வேண்டாம் என்று வந்துவிட்டேன். தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்பது எனக்கு முக்கியமில்லை. இரண்டு முறையும் சின்ன தொட்டிக்குப் பெரிய மீனைத்தான் நீட்டினார்.

நீங்கள் ஏமாறாமல் இருக்க, கடையில் நின்றபடியே பார்க்கக்கூடிய அடையாளங்கள் இருக்கின்றன. உண்மையான சயாமிஸுக்கு மூக்கு நுனியில் தொடங்கும் கறுப்புக் கோடு வால் துடுப்பின் கடைசி வரை ஓடும். துடுப்புகளில் நிறம் இருக்காது, கண்ணாடி போலத் தெரியும். கோடு வாலுக்கு முன்பே நின்றுவிட்டால் அது வேறு இனம். கோட்டுக்கு மேல் பொன்னிறப் பட்டையும் துடுப்புகளில் கறுப்பும் வெள்ளையும் இருந்தால் ஃபிளையிங் ஃபாக்ஸ். அது தன் இடத்துக்கு வேறு மீனை அண்டவிடாது, தாடிப் பாசியையும் பெரிதாகத் தொடாது. எல்லாவற்றையும்விட எளிய சோதனை ஒன்று: கண்ணாடியில் வாயை ஒட்டித் தொங்கினால் அது சயாமிஸ் இல்லை. சயாமிஸ் அடித் துடுப்புகளை ஊன்றி இலைமேலோ தரையிலோ உட்காரும். தங்க நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் சைனீஸ்தான்.

சயாமிஸ் கிடைத்தாலும் எல்லாத் தொட்டிக்கும் ஆகாது. அரை அடி வரை வளரும், துள்ளிக் குதிக்கும், மூடி கட்டாயம். தீனி அதிகம் போட்டால் பாசியை மறந்துவிடும். சிறிய தொட்டிக்கு ஓட்டோசிங்க்லஸ் நல்லது. ஒன்றரை, இரண்டு இஞ்சுதான், யாரையும் தொந்தரவு செய்யாது. பழுப்பாகப் படியும் டயட்டம் பாசியை மேய்ந்துவிடும். ஆனால் இதிலும் ஒரு தொல்லை. பெரும்பாலும் ஆற்றில் பிடித்து அனுப்பப்படுகிற மீன், வழியெல்லாம் பட்டினி. கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பாருங்கள். உள்ளே ஒடுங்கியிருந்தால் பிழைப்பது கடினம். கூட்டமாக வைக்க வேண்டும், புதிதாக அமைத்த தொட்டியில் விடக் கூடாது. நடுத்தரத் தொட்டிக்குப் பிரிஸ்டில்நோஸ் ஒன்று போதும். பெரும்பாலும் ஐந்து இஞ்சோடு நின்றுவிடும். கொறிக்க ஒரு மரத்துண்டு போட்டு, பாசி தீர்ந்தால் வெள்ளரித் துண்டு கொடுங்கள்.

'டேங்க் கிளீனர்' என்று சொல்லி விற்பதை மட்டும் நம்பாதீர்கள். எந்த மீனும் மற்ற மீன்களின் கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யாது. சக்கர் மீன் போடுகிற கழிவை அள்ளவே தனி ஃபில்டர் வேண்டும். நீலப்பச்சையாக வழுவழுவென்று போர்வை மாதிரி படர்வதற்கும் ஏதாவது மீனைக் கொடுப்பார்கள். அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர். அதைத் தின்று தீர்க்கிற மீன் கடையில் கிடையாது. விளக்கை ஏழெட்டு மணி நேரத்தோடு நிறுத்தி, நேர் வெயில் படாமல் பார்த்து, தீனியைக் குறைத்து, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் மீன் வாங்கவே தேவைப்படாமல் போகலாம். என் தாடிப் பாசி பாதிக்கு மேல் அடங்கியது அப்படித்தான். மிச்சத்தை இலையோடு வெட்டி எறிந்தேன்.

இனி வாங்குவதாக இருந்தால் மீனின் அறிவியல் பெயரையும் முழு வளர்ச்சி அளவையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். சயாமிஸ் என்றால் குரோசோகைலஸ், சைனீஸ் என்றால் கைரினோகைலஸ். எழுதிக் கொடுக்கத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம். ஏற்கெனவே ஏமாந்து சக்கர் வைத்திருப்பவர்கள், வளர்ந்துவிட்டது என்று குளத்திலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். காற்றைக் குடித்தே பிழைக்கும், கரையைக் குடைந்து முட்டையிடும், அங்கே இருக்கிற மீன்களுக்கு வினையாகிவிடும். கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், வாங்க மறுத்தால் பெரிய தொட்டி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.