பேராக்கா, மான்செஸ்டர் யுனைடெட்டா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பையன்கள் பலர், எங்கள் மாநிலக் குழு பேராக், இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் என்ற இரண்டு காற்பந்துக் குழுக்களையும் சேர்த்தே நேசிக்கிறோம். இரண்டும் வாட்டி எடுப்பவைதான். ஆனால் வலி ஒன்றல்ல.

யுனைடெட்டின் தோல்வி தொலைக்காட்சி வழியாக வருகிறது. 2013க்குப் பிறகு இங்கிலாந்து லீக் பட்டம் இல்லை. 2024-25இல் 15வது இடம். நள்ளிரவில் மாமாக் என்னும் இந்திய முஸ்லிம் உணவுக் கடையில் தே தாரேக் தேநீர் ஆறிப்போக உட்கார்ந்திருப்போம். தோற்றால் அடுத்த மேசை லிவர்பூல் ரசிகர்களின் கிண்டல். சரி, அடுத்த வாரம் ஆட்டம் இருக்கிறது என்று எழுந்து போய்விடலாம்.

பேராக் அப்படியில்லை. ஈப்போ அரங்கத்துக்கு மோட்டாரில் போய், மழையில் நனைந்து, தொண்டை கட்டித் திரும்புவோம். 2018 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் திரங்கானுவுடன் 3-3, அப்புறம் பெனால்டியில் வெற்றி. 18 ஆண்டுக் காத்திருப்பு அது. செம்பனைக் குலை வெட்டிக் காய்த்துப்போன கைகளால் அப்பா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. மூன்றே ஆண்டில், 2021இல், மலேசியாவின் முதல்நிலை லீக்கான சூப்பர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. மறுபடி ஏறி வந்தும், 2025இல் பணமில்லாமல் லீக்கைவிட்டே விலகியது. தோற்றால் திட்டலாம், ஆட்டமே இல்லை என்றால் யாரிடம் சொல்லி அழுவது?

புதிதாகப் பந்து பார்க்கத் தொடங்கும் தம்பிக்கு யுனைடெட்தான் சுலபம். ஆனாலும் நான் முதலில் பேராக்கின் மஞ்சள் சட்டையைத்தான் கொடுப்பேன். அப்பாவுடையது இன்னும் அலமாரியில் மடித்தபடி இருக்கிறது.