பெருமாள்மலை ரோட்டோர பழக்கடை: பட்டர் ஃப்ரூட்டுக்கு நம்பி நிறுத்தலாம், ஸ்ட்ராபெரிக்கு வேணாம்

வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானல் ஏறுறப்ப பெருமாள்மலை பக்கம் தார்ப்பாய் கட்டி வரிசையா பழக்கடை போட்டிருப்பாங்கல்ல, அதுல ஒரு கடை, போர்டெல்லாம் கிடையாது, ஒரு அக்கா உக்காந்திருப்பாங்க. போன மாசம் பட்டர் ஃப்ரூட் ரெண்டு கிலோ, மலைவாழை ஒரு சீப்பு, ஸ்ட்ராபெரி ஒரு டப்பா வாங்கினேன்.

பட்டர் ஃப்ரூட் கல்லு மாதிரி இருந்துச்சு. "பழுத்தது இல்லையாக்கா"ன்னு கேட்டேன். "இது மரத்துல பழுக்காது தம்பி, பறிச்சு வச்சாத்தான் பழுக்கும், அரிசிக்குள்ள பொதைச்சு வச்சு நாலு நாள் கழிச்சு பாரு"ன்னாங்க. நான் பயோடெக் படிச்சவன், ஒரு செமஸ்டர் முழுக்க படிச்சதை அந்தக்கா சில்லறை எண்ணிக்கிட்டே சொல்லிட்டாங்க. நிஜமாவே அப்டித்தான், மரத்துல தொங்குற வரைக்கும் பழுக்க வைக்கிற ஜீன்லாம் அடங்கியே கிடக்கும், பறிச்சு கொஞ்ச நாள்ல ஏசிசி சின்தேஸ், ஏசிசி ஆக்சிடேஸ்னு ரெண்டு என்சைமோட ஜீன் முழிச்சிக்கும், காயைப் பழுக்க வைக்கிற எத்திலீன் வாயு வரும், வந்த எத்திலீனே திரும்ப அதே ஜீன்களை இன்னும் முடுக்கிவிடும், அதான் மூணு நாள் அசையாம கிடந்த காய் ஒரே ராத்திரில குழைஞ்சு போறது. கூடவே செல் சுவரை அரிக்கிற செல்லுலேஸ், பாலிகேலக்டுரோனேஸ் ஜீனும் ஏறும், அந்த வெண்ணெய் பதம் அதுல வர்றதுதான். அரிசிப் பானை சும்மா அந்த வாயுவை வெளிய விடாம பிடிச்சு வைக்குது, அவ்ளோதான்.

நாலாம் நாள் காம்பை நகத்தால தள்ளினேன், டப்புனு வந்துருச்சு, அடியில பச்சையா இருந்துச்சு, பதமா பழுத்ததுக்கு அதான் அடையாளம். வெட்டினா கத்தி வழுக்கிட்டு போகுது, ஒரு நார் இல்ல. ரெண்டை மட்டும் மலைவாழையோட ஒரே பையில போட்டு வச்சேன், அது மூணாம் நாளே ரெடி, வாழை விடுற எத்திலீன் உபயம். ஒண்ணை எங்கம்மா காயாவே ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டாங்க, அது உள்ள சாம்பல் கலர்ல போயி குப்பைக்குத்தான் போச்சு, அதுக்கு கடைக்காரங்களை குத்தம் சொல்ல முடியாது.

வாழைக்கு கார்பைடு போடுறீங்களான்னு கேட்டதுக்கு சிரிச்சாங்க, "மூட்டந்தான் போடுறோம்"னாங்க, அதாவது மூடி வச்சு புகை போட்டு பழுக்க வைக்கிறது. புகையிலயும் எத்திலீன் இருக்கு, அதனால வேலை ஆகுது. கார்பைடு கல்லுல வர்றது அசிட்டிலீன், நம்ம நாட்டுல பழத்துக்கு அதைப் போடவே கூடாது, தோல் மட்டும் மஞ்சளாகி உள்ள சவசவன்னு இருக்கும். இங்க வாங்கின மலைவாழை அப்டி இல்ல, தோல் லேசா சுருங்கினப்புறம் தான் ருசியே ஏறுச்சு.

இப்ப கடுப்பு. ஸ்ட்ராபெரி டப்பால மேல நாலு செக்கச்செவேல்னு, அடியில எல்லாம் காம்பு பக்கம் வெள்ளை. திருப்பிக் காட்டினா அதே அக்கா "ரெண்டு நாள் வச்சா பழுத்துரும்"ங்கறாங்க. பட்டர் ஃப்ரூட்டுக்கு அவ்ளோ கரெக்டா சொன்னவங்க இங்க ஏமாத்திட்டாங்க, இல்ல நிஜமாவே அப்டித்தான் நினைக்கிறாங்களோ என்னமோ. ஸ்ட்ராபெரி வாழை மாதிரி எத்திலீன் கிளப்பிப் பழுக்குற ஜாதி இல்ல, அதுக்கு ஆப்சிசிக் அமிலம்னு வேற ஒரு செடி ஹார்மோன் தான் முக்கியம். பறிச்சப்புறமும் சிவப்பு நிறமி ஜீன் கொஞ்சம் ஓடும், வெள்ளை லேசா சிவக்கும், ஆனா சர்க்கரை செடியில இருந்து தான் வரணும், பறிச்சாச்சுன்னா சப்ளை கட். ரெண்டு நாள்ல சிவந்துச்சு, வாயில வச்சா புளிப்புத் தண்ணி, அடியில இருந்த மூணு பூசணம் வேற.

அஞ்சுக்கு மூணரை. பட்டர் ஃப்ரூட் கல்லா இருக்கறதையே கேட்டு வாங்குங்க, அமுக்கிப் பாத்து மத்தவங்க காயை கெடுக்காதீங்க. ஸ்ட்ராபெரின்னா டப்பாவை கவுத்துப் பாத்துட்டு காசு குடுங்க. சிக்னல் விட்டு விட்டு வரும், ஜிபேயை நம்பாம கையில காசு வச்சுக்கோங்க. மலையில பிளாஸ்டிக் கவர் தரமாட்டாங்க, மஞ்சப்பை மறக்காதீங்க, நான் மறந்துட்டு ரெண்டு கிலோவையும் ஹெல்மெட்ல போட்டு எடுத்துட்டு வந்தேன்.