முனை 122, இடுப்பு 68: ஐந்து பனிக்காலம் ஓட்டிய கார்விங் ஸ்கீ

வேலூர் பக்கம் எங்கள் கம்மவான்பேட்டையில் பனியைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு பட்டாளத்துக்காரர்கள் இருக்கிற ஊர். சியாச்சின், கார்கில், லே என்று திண்ணையிலேயே பேச்சு ஓடும். நானும் பட்டாளத்தில்தான் ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு, கற்றேன், காஷ்மீரின் குல்மார்க்கில். அன்று காலில் மாட்டிவிட்டது ஆளைவிட உயரமான, அநேகமாக நேர்கோடாக இருந்த பலகை. ஓய்வு பெற்ற பிறகு, 2019 டிசம்பரில், சொந்தக் காசில் ஒரு ஜோடி கார்விங் ஸ்கீ வாங்கினேன். பக்கவாட்டில் சாய்த்தாலே வளைந்து திரும்பும்படி, நடுவில் ஒடுங்கிய பனிச்சறுக்குப் பலகை அது. நீளம் 165 செ.மீ. அகலம் முனையில் 122 மி.மீ., பாதம் நிற்கும் நடுப்பகுதியான இடுப்பில் 68, வாலில் 104. வளைவின் ஆரம் 13 மீட்டர். என் எடை 74 கிலோ. அன்றிலிருந்து குல்மார்க்கில் நான்கு பனிக்காலம், உத்தராகண்டின் அவுலியில் ஒன்று. மொத்தம் 46 நாள் ஓட்டியிருக்கிறேன்.

வாங்கும்போது என்னை இழுத்தது அந்த அகலமான முனைதான். முனை அகலமாக இருந்தால் ஆழமான பனியில் மூழ்காமல் மிதக்கும் என்று நம்பினேன். அப்படி மிதப்பதில்லை. இன்றும் பலர் அதே நம்பிக்கையில் வாங்குகிறார்கள், அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அந்த முனை எதற்கு என்றால், திரும்புவதற்கு. ஸ்கீயைப் பக்கவாட்டில் சாய்த்துத் தரையில் வைத்துப் பாருங்கள். முனையும் வாலும் தரையைத் தொடும், இடுப்பு தொடாமல் நிற்கும். அதன்மேல் எடையைப் போட்டால் இடுப்பும் இறங்கி, முழுப் பலகையும் வில்லாக வளையும். பனியில் அந்த வில் தன் போக்கிலேயே வட்டம் போடும், நாம் காலைத் திருக வேண்டியதில்லை. 1990களில் ஸ்லோவேனியாவின் எலான் போன்ற நிறுவனங்கள் இந்த வடிவத்தைக் கொண்டுவந்த பிறகுதான் 2 மீட்டர் நேர்ப் பலகைகள் ஓரங்கட்டப்பட்டன.

இந்த ஸ்கீயின் உண்மையான இடம் அழுத்திச் சீராக்கிய பனி. குல்மார்க்கில் கோண்டோலா என்கிற கேபிள் காரின் முதல் கட்டம் முடியும் கொங்தூரிக்குக் கீழே, ஸ்னோ பீட்டர் வண்டி ஓடிய சரிவில், காலை முதல் ஆளாக இறங்கிப் பார்க்க வேண்டும். சீப்பால் வாரிவிட்ட மாதிரி பனி வரிவரியாக இருக்கும். முழங்காலை லேசாக உள்ளே சாய்த்தால் போதும், முனை பனியைக் கவ்வி இழுத்துக்கொண்டு போகிறது. திரும்பி மேலே பார்த்தால் பென்சிலில் கிழித்த மாதிரி இரண்டு மெல்லிய கோடுகள், எங்கேயும் இழுபட்ட தடமே இல்லை. பட்டாளத்துப் பலகையில் எத்தனையோ வருடம் ஓட்டியும் எனக்கு அப்படி ஒரு கோடு விழுந்ததில்லை. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

கெட்டிப் பனியிலும் குறை சொல்ல மாட்டேன். 2022 பிப்ரவரியில் அவுலியில் இரவெல்லாம் உறைந்து காலையில் சரிவு கண்ணாடியாகக் கிடந்தது. இடுப்பு ஒடுக்கமாக இருப்பதால் எட்ஜ், அதாவது பலகையின் ஓரத்து எஃகு விளிம்பு, நேராகப் பாதத்துக்கு அடியிலேயே வருகிறது, அதனால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறுவது சட்டென்று நடக்கிறது. ஆனால் எட்ஜ் கூராக இருந்தால்தான் இதெல்லாம். மூன்றாம் நாள் எட்ஜ் மழுங்கியதும் அதே ஸ்கீ வழுக்கத் தொடங்கியது.

இனி ஆழமான பனி. 2023 ஜனவரியில் என் அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். இரவில் முழங்காலுக்கு மேல் புதுப்பனி. ஆசையாக இறங்கினோம், பத்து மீட்டரில் நான் நின்றுவிட்டேன். முனை மேலே எட்டிப் பார்க்கிறது, பூட் இருக்கும் இடம் உள்ளே போய்விட்டது. "இன்னா மாமா, முனை இத்தினி அகலமா கீது, அப்புறம் ஏன் முங்குது?" என்று கேட்டான். பாலாற்று மணலில் சைக்கிள் ஓட்டியிருக்கிறாயே, ஹேண்டில்பார் அகலமாக இருந்தால் டயர் மணலில் புதையாமல் இருக்குமா என்று திருப்பிக் கேட்டேன். அவனுக்கு உடனே புரிந்தது. எடை இறங்குவது பாதத்துக்கு அடியில். அங்கே 68 மி.மீ.தான் இருக்கிறது. ஆழப் பனிக்கென்றே செய்த ஸ்கீகளுக்கு இடுப்பே 100 மி.மீ.க்கு மேல் வரும். எனவே கடையில் மூன்று எண்ணைக் காட்டினால் முதலில் நடு எண்ணைப் பாருங்கள்.

கெட்டித் தரைமேல் ஒரு சாண் புதுப்பனி என்றால் பிரச்சினை இல்லை, அடியில் இருக்கும் தரையை எட்ஜ் பிடித்துக்கொள்ளும். என்னைப் பயமுறுத்தியது பொருக்குப் பனி. பால்மேல் ஆடை படிவது போல மேலே ஒரு கெட்டி ஏடு, கீழே பொலபொலவென்று தூள். அகலமான முனை அந்த ஏட்டுக்கு அடியில் நுழைந்து, நாம் கேட்காத பக்கம் இழுக்கும். அப்படித்தான் என் இடது முழங்கால் பிசகியது. ஸ்கீ கழன்றிருக்க வேண்டும், கழலவில்லை. முந்தின நாள் அங்கே ஒரு கடையில் என் பூட்டின் நீளத்தை அளக்காமலேயே, பூட்டை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பைண்டிங்கை முறுக்கிக் கொடுத்திருந்தார்கள். வயது, எடை, பூட் அடி நீளம் எல்லாம் கேட்டு அமைக்க வேண்டிய திருகு அது. இப்போது பூட் நீளத்தை மில்லிமீட்டரில் எழுதி வைத்திருக்கிறேன், பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வாங்குகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், கூச்சப்படாதீர்கள்.

மார்ச் மாதம் போகிறவர்களுக்கு நேரம்தான் முக்கியம். இரவில் உறைந்த பனி, வெயில் ஏறி மேல்பக்கம் ஓர் அங்குலம் இளகும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு இந்த ஸ்கீ பிரமாதம். மதியத்துக்குமேல் பனி ஊறிய அவல் மாதிரி ஆகிவிடும். அப்போது முனை மாட்டுகிறது, அடிப்பக்கத்தை ஈரம் உறிஞ்சிப் பிடிக்கிறது, தொடை கடுக்கிறது. நான் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

2024 ஜனவரியில் குல்மார்க்கில் பனியே இல்லாமல் புல்தரை தெரிந்தது நினைவிருக்கும். நான் பிப்ரவரியில் பனி விழுந்த பிறகுதான் போனேன். அப்படியும் ஒரு கல் அடிப்பக்கத்தைக் கையளவு நீளத்துக்குக் கிழித்துவிட்டது. பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி அடைத்தேன், இன்றுவரை நிற்கிறது.

வேலூரில் வைத்துப் பாதுகாப்பது தனி வேலை. முதல் கோடையில் பரணில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வைத்துவிட்டேன். நம்மூர் மே மாத வெயிலில், வழுக்குவதற்காக அடிப்பக்கத்தில் பூசும் வேக்ஸ் (மெழுகு) இளகி, அடியில் விரித்த பேப்பரெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஐப்பசி மழையில் எட்ஜில் துரு. அதைத் தீட்ட சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு சாணைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் கட்டை விரலால் எட்ஜைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத்த கல்லுல வச்சா சூடேறி நீலம் பூத்துடும் சார், அப்புறம் கூர் நிக்காது. அரத்துல கையாலயே தேய்" என்றார். பனியையே பார்த்திராத மனிதர், அத்தனையும் சரி. அன்றிலிருந்து மெல்லிய அரமும், கோணத்துக்கு 88 டிகிரி கைடும் வைத்து நானே தேய்க்கிறேன். ஊர் திரும்பியதும் எட்ஜையும் மூடும்படி தடிமனாக வேக்ஸ் பூசி, சுரண்டாமல், கீழ்த்தளத்து மர அலமாரியில் வைத்துவிடுவேன். டிசம்பரில் சுரண்டினால் போதும்.

கொண்டுபோவது கஷ்டமில்லை. காட்பாடியில் நிற்கும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த்துக்கு அடியில் 165 செ.மீ. பை தாராளமாகப் போகிறது.

அடுத்த ஜனவரிக்கு நான் பூட் மட்டும் எடுத்துப்போய், புதுப்பனி விழும் நாட்களுக்கு அகல இடுப்பு ஸ்கீயை அங்கேயே வாடகைக்கு எடுக்கப்போகிறேன். இந்த ஜோடி அக்கா மகனுக்கு. அவன் 58 கிலோதான், பைண்டிங்கை அவன் எடைக்கும் பூட்டுக்கும் மாற்றி அமைக்க வேண்டும். காலையில் கொங்தூரிச் சரிவில் முதல் இரண்டு இறக்கம் மட்டும் எனக்கு வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.