தோலா, வில்லையா, கீற்றா?

வீட்டில் காக்டெயில் கலக்கும் நண்பர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். அளவு, ஐஸ், குலுக்கல் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். கடைசியில் கிளாஸ் விளிம்பில் ஒரு எலுமிச்சை வில்லையைச் செருகிப் போட்டோ எடுத்துவிடுவார்கள். படம் நன்றாகத்தான் வரும். ஆனால் குடிக்கும்போது அந்த வில்லையால் என்ன பயன்? சாறு பழத்திலேயே நிற்கிறது, வாசனை தோலிலேயே நிற்கிறது. மூக்கில் இடிப்பதுதான் மிச்சம்.

தோல் முந்துவது இங்கேதான். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் மணமெல்லாம் தோலின் வெளிப்பக்கத்தில் குட்டிக் குட்டிப் பைகளில் எண்ணெயாக இருக்கிறது. சின்ன வயதில் கமலா ஆரஞ்சுத் தோலை மடக்கித் தம்பி கண்ணில் பீய்ச்சி, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே வேலையைக் கிளாஸுக்கு மேல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பீலரால் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை சீவி, நிறமுள்ள பக்கம் கீழே பார்த்திருக்க, இரண்டு கை விரல்களாலும் மடக்கி அழுத்துங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பானத்தின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரியும். அப்புறம் பட்டையை விளிம்பில் ஒருமுறை தேய்த்துவிட்டு உள்ளே போடலாம். ஆழமாகச் சீவினால் வெள்ளைப் பகுதியும் சேர்ந்து வந்து கசக்கும். விஸ்கி, சர்க்கரை, பிட்டர்ஸ் (சில சொட்டு மட்டும் விடும் கசப்பு மூலிகைச் சாறு) தவிர வேறெதுவும் இல்லாத ஓல்ட் ஃபேஷன்டில் ஆரஞ்சுத் தோல் இருக்கும் கிளாஸையும் இல்லாத கிளாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்ந்து பாருங்கள். வேறு வேறு பானம் என்றே சொல்வீர்கள்.

ஆனால் நம்மூர் எலுமிச்சை இந்த வித்தைக்கு ஒத்துழைக்காது. மார்ட்டினி என்ற ஜின் காக்டெயிலுக்குச் சொல்லப்படும் தடித்த தோல் லெமன் வேறு பழம். நம்முடையதன் தோல் காகிதம் மாதிரி. சீவினால் நகத்தளவு துணுக்குதான் வரும். ஆகவே அதைக் கீற்றாக நறுக்குவதே நல்லது. ஜின் டானிக்கில் கீற்றைப் பிழிந்து அப்படியே போட்டால் சாறும் இறங்கும், தோல் எண்ணெயும் கொஞ்சம் இறங்கும். சூப்பர் மார்க்கெட்டில் பளபளக்கும் வெளிநாட்டுப் பழம் வாங்கினால் மெழுகு பூசியிருப்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டுச் சீவுங்கள்.

காயவைத்த ஆரஞ்சு வில்லை? ஒரு பாக்கெட் வாங்கினேன். கண்ணாடி மாதிரி அழகு, ஈரம் படாமல் மூடி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. கண்ணை மூடி முகர்ந்தால் அட்டைப்பெட்டி வாசனை. மணிக்கணக்கில் சூட்டில் காயும்போதே மணத்தில் பெரும்பகுதி பறந்துவிடுகிறது. விருந்தாளிகள் பத்துப் பேர் வரும் நாளில் கைக்கு உதவும், சரி. மற்றபடி பொம்மை.

மொஹிட்டோவில் மட்டும் இந்தச் சண்டையே இல்லை. அங்கே புதினாதான் ராணி. மேலே வைக்கும் கொத்தை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் போதும், கசக்க வேண்டாம். ஸ்ட்ராவைக் குட்டையாக வெட்டிக் கொத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். குனியும்போதெல்லாம் மூக்கு இலைக்குள் போகும்.

மார்கரிட்டாவின் உப்பு விளிம்புக்குப் பொடி உப்பா, கல்லுப்பா என்றால் யோசிக்காமல் கல்லுப்பு. அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகப் பொடித்துக்கொள்ளுங்கள். பொடி உப்பு பசை மாதிரி அப்பிக்கொண்டு, முதல் வாயிலேயே கடல் தண்ணீர் குடித்தது போலாகிவிடும். எதுவானாலும் பாதி விளிம்புக்கு மட்டும் தடவினால், உப்பு வேண்டாதவர் கிளாஸைத் திருப்பிக் குடித்துக்கொள்வார்.

மார்ட்டினிக்கு ஆலிவா, லெமன் தோலா என்பது பழைய வழக்கு. ஆலிவ் போட்டால் அதன் உப்புநீரும் சேர்ந்து பானம் சாப்பாட்டுப் பக்கம் சாயும்; தோல் போட்டால் ஜின்னின் மணம் தூக்கும். என் ஓட்டு தோலுக்கு. ஒரு பாதி காரணம் ருசி. மறுபாதி, இரண்டு கிளாஸுக்காக வாங்கிய ஆலிவ் பாட்டில் மூன்று மாதமாக ஃப்ரிட்ஜில் ஊறுகாய்களுக்கு நடுவே நிற்கிறது. போன வாரம் ஊரிலிருந்து வந்த அத்தை மாவடு என்று நினைத்துத் தயிர்ச்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டார். இரண்டாவது ஆலிவுக்கு அவர் கை போகவில்லை.