ஐலன் டோனனா, அர்க்கட்டா?

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் பகுதியில் வெடிமருந்துக்கு இரையான இரு கோட்டைகள் உண்டு. ஒன்றான ஐலன் டோனனைத் திரும்பக் கட்டினார்கள். மற்றதான அர்க்கட்டை இடிபாடாகவே விட்டார்கள்.

ஐலன் டோனனில் 1719இல் யாக்கோபியக் கிளர்ச்சியாளர்களுக்கு (பதவி இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணையில் ஏற்றப் போராடியவர்கள்) துணைவந்த ஸ்பானிய வீரர்கள் தங்கியிருந்தார்கள். பிரிட்டிஷ் அரசக் கடற்படைக் கப்பல்கள் பீரங்கியால் சுட்டுக் கோட்டையைப் பிடித்தன. பிறகு உள்ளே சேமித்திருந்த வெடிமருந்தைக் கொண்டே அதைத் தகர்த்தார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அது கற்குவியலாகக் கிடந்தது. 1911இல் ஜான் மக்ரே-கில்ஸ்ட்ராப் கோட்டை நின்ற சிறு தீவை வாங்கி, மீண்டும் கட்டத் தொடங்கினார். 1932இல் வேலை முடிந்தது. தபால் அட்டைகளில் நாம் ரசிக்கும் அந்தக் கல்வளைவுப் பாலமும் அப்போது போட்டதுதான், இடைக்காலத்தது அல்ல! இன்று அங்கே அருங்காட்சியகமும் உண்டு, திருமணங்களும் நடக்கின்றன.

நெஸ் ஏரிக்கரை அர்க்கட்டின் கதை வேறு. 1692இல் அரசுப் படையே வெளியேறும்போது, எதிரிகளான யாக்கோபியருக்குப் பயன்படக் கூடாதென்று நுழைவாயிலை வெடிவைத்துத் தகர்த்தது. ஊரார் கற்களைத் தங்கள் தேவைக்கு எடுத்துச் சென்றார்கள். 1913இல் அரசுப் பராமரிப்புக்கு வந்தது. யாரும் மேற்கொண்டு கட்டவில்லை. வாயிலருகே, கல்லும் சுண்ணாம்புக் காரையும் பிரியாத பெரும் துண்டுகள் விழுந்தபடியே கிடக்கின்றன.

படம் எடுக்க ஐலன் டோனன்தான். வரலாறு தேடிப் போகிறவருக்கு நான் அர்க்கட்டைத்தான் சொல்வேன். பழையது எது, புதியது எது என்ற குழப்பம் அங்கே குறைவு.